பத்து வருடத்து ஊசி

தொண்டை நோவுக்கு யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தால் நாலைந்து நாளில் மாறிவிடும். பெரும்பாலும் மாறித்தான் விடுகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்குத் தொண்டை மாறி இரண்டு மூன்று கிழமை கழித்து முழங்கால் வீங்குகிறது. அது வற்றும்போது கணுக்கால் பிடிக்கிறது, பிறகு முழங்கை. ‘வளர்ற வயசுதானே, கால் உளைவு’ என்று எண்ணெய் பூசிப் படுக்க வைக்கும் அந்த நாட்களில், தொண்டையில் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி இதயத்தின் வால்வுகளைத் தாக்கிக்கொண்டிருக்கக்கூடும். இதுதான் ருமற்றிக் காய்ச்சல். வாதக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். 5 வயதிலிருந்து 15 வயது வரையான பிள்ளைகளையே அதிகம் பிடிக்கிறது. மூட்டு வலி சில கிழமைகளில் சுவடில்லாமல் போய்விடும். இதயத்தில் விழுந்த தழும்பு அப்படிப் போவதில்லை.

நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் குடும்பத்தின் நீண்ட வேலை தொடங்குகிறது. இன்னொரு முறை தொண்டையில் அதே கிருமி தொற்றினால் வால்வு மேலும் கெடும் என்பதால், கிருமி வரும் முன்னரே அதைத் தடுக்க வேண்டும். அதற்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. இதயம் தொடப்படாத பிள்ளைக்குக் குறைந்தது 5 வருடம். இதயத்தில் பாதிப்பு இருந்தால் 10 வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தி வருகிறதோ அதுவரை. வால்வு மோசமாகக் கெட்டிருந்தால் வாழ்நாள் முழுவதும். 28 நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்கு 13, பத்து வருடத்தில் 130. அது சாதாரண ஊசியும் அல்ல. குப்பியிலுள்ள தூளைத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பால் போல வெள்ளையாய்த் தடித்து நிற்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசி. தொடையிலோ பின்புறத் தசையிலோ ஆழமாக, மெதுவாக ஏற்ற வேண்டும். அன்று முழுக்க, சில பிள்ளைகளுக்கு மறுநாளும், நொண்டித்தான் நடக்க முடியும். லிக்னொகெயின் என்ற விறைப்பு மருந்தைச் சேர்த்துக் கலக்கினால் வலி குறையும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விடயம். சின்ன விடயந்தான், ஆனால் பிள்ளை அடுத்த மாதம் கட்டிலுக்குக் கீழே ஒளியுமா ஒளியாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்த ஊசிக்கு அரச வைத்தியசாலையில் காசு இல்லை. இலங்கையின் இலவச மருத்துவத்தைப் பற்றிப் பெருமைப்பட நியாயம் உண்டு. ஆனால் மன்னாரில் இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் வீடு செலவழிப்பது மருந்துக்கு அல்ல, நாளுக்கு. கிளினிக் நாள் என்றால் தாய்க்கு அன்று நண்டு தெரிக்கும் வேலை இல்லை, கருவாட்டு வாடி இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கைக்குழந்தை இருந்தால் அதுவும் கூட வர வேண்டும். மன்னார் மாவட்டத்தில் 5 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. மாவட்டப் பொது வைத்தியசாலை இருப்பது தீவின் கிழக்கு முனையில், பாலத்தடியில். தலைமன்னாரிலிருந்து வருகிறவர் தீவின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வருகிறவர் பெருநிலத்தைச் சுற்றிப் பாலம் ஏற வேண்டும். வால்வுச் சத்திரசிகிச்சை என்ற கட்டத்துக்குப் போனால் வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலையான யாழ்ப்பாணம், அதாவது பூநகரி வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல், இல்லையேல் அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில் கொழும்பு. 2010இல் மன்னார்ப் பாலம் வந்தது, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்தது, 2015இல் தலைமன்னார் ரயில் திரும்ப ஓடியது. இவையெல்லாம் பெரிய உதவி. ஆனாலும் விடிய முதல் பஸ் பிடித்து, துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, ஊசி போட்டு, ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்து, வீடு திரும்பப் பின்னேரம் ஆகிவிடும். அதை 130 முறை செய்ய வேண்டும் என்பதுதான் நாம் அந்தத் தாயிடம் கேட்பது.

அப்படிக் கேட்டுவிட்டு, பதினேழாவது முறை அவள் வராதபோது ‘தவறியவர்’ என்று பதிவில் எழுதுகிறோம். இந்தக் கட்டுரை மறுப்பது அந்தச் சொல்லைத்தான். ஊசி தவறுவது குடும்பத்தின் அலட்சியத்தால் அல்ல; ஒருநாள் வைத்தியத்துக்கென வகுத்த ஏற்பாட்டைப் பத்து வருட நோய்க்கும் அப்படியே பாவிப்பதால். பிள்ளையை ஊசியிடம் கொண்டுபோவதை விட்டு, ஊசியைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக மன்னாரால் முடியும் என்றே நினைக்கிறேன். அதற்கான ஆதாரம் தூரத்து நாடுகளிலும் இருக்கிறது, பேசாலையிலும் இருக்கிறது.

முதலில் பேசாலை. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு இலங்கையில் உள்ளூர் மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்தது. அதே வருட இறுதியில், பேசாலை இருக்கும் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு முதன்முதலாகப் பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது, கட்டுக்கிணறுகளில் முட்டையிடும். மலேரியாத் தடை இயக்கம் என்ன செய்தது? கிணறு உள்ளவர்கள் வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டு இருக்கவில்லை. வளவு வளவாகப் போனார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், புழு எடுத்துச் சோதித்தார்கள், புழுத் தின்னும் மீனை விட்டார்கள். எந்தக் கிணறு எந்த நிலையில் என்று கணக்கு வைத்தார்கள். யாருக்கும் நோய் வராதபோதே இவ்வளவும் நடந்தது. ஒரு கிணற்றைத் தேடி ஒழுங்கைக்குள் போகத் தெரிந்த சுகாதாரத் துறைக்கு, நோய் வந்துவிட்ட பிள்ளையைத் தேடிப் போகத் தெரியாது என்று சொல்வது பொருந்தாது. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஒரு இலட்சத்தைத் தொடவில்லை. இந்த ஊசியில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கணினி வலையமைப்பு வேண்டாம்; ஒரு கொப்பி போதும். யாருக்கு எந்தத் திகதி, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய தொலைபேசி. கொப்பியைத் திறந்து பார்ப்பது ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூரத்து ஆதாரம் கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணம். 1986இல் அங்கே இதற்கென ஒரு திட்டம் தொடங்கினார்கள்: நோயாளர் பதிவேடு, தாய்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்கம், தொண்டை நோவுக்கு உடனே வைத்தியம், ஊசி தவறாமல் பின்தொடர்தல். பள்ளிப் பிள்ளைகளிடையே ருமற்றிக் இதய நோய் ஆயிரத்துக்கு 2.27 என்றிருந்தது, 1996இல் 0.24 ஆனது. அந்தப் பத்து வருடத்தில் கியூபா எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியம் விழுந்து, எரிபொருளும் உணவும் இல்லாமல் நாடே திணறிய காலம். 2022இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு நாம், புதிய செலவுக்கு எங்கே காசு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பொருத்தமான உதாரணம் இல்லை. அந்த மாகாணத்தில் இந்த நோய்க்கான செலவு கூடவில்லை, குறைந்தது. ஏன் என்பது விளங்கக் கடினமானதல்ல: ஊசி மலிவு, வால்வு மாற்றுவது மலிவல்ல.

ஊசி உண்மையிலேயே காக்கிறதா, இல்லை பழக்கத்துக்குப் போடுகிறோமா என்ற கேள்வி அண்மைவரை நியாயமானதாகவே இருந்தது, குறிப்பாக வெளியே எந்த அறிகுறியும் காட்டாத பிள்ளைகள் விடயத்தில். உகண்டாவில் நடந்து 2021 இறுதியில் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. இதய ஸ்கானான எக்கோவில் மட்டும் தெரிந்த ஆரம்ப நிலை நோயுள்ள 818 பிள்ளைகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு கிழமைக்கொரு ஊசி போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி போடாதவர்களில் 8.2 வீதத்தினருக்கு நோய் முற்றியிருந்தது, போட்டவர்களில் 0.8 வீதம். பத்தில் ஒரு பங்கு. ‘இவ்வளவு காலம் அன்ரிபயோட்டிக் போட்டால் பிள்ளையின் உடம்பு என்னாகும், கிருமி பழகிவிடாதா’ என்ற பயம் வீடுகளில் உண்டு, அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. மற்றப் பல கிருமிகள் விடயத்தில் அது சரியான பயம். ஆனால் இந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ், பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது வருடமாகியும் அதை எதிர்த்து வாழப் பழகவில்லை. மருத்துவத்தில் இப்படியான அதிர்ஷ்டம் அபூர்வம்.

பிள்ளைகளின் மூட்டு வீக்கமும் நீண்டகால அன்ரிபயோட்டிக்கும் சேரும் இந்த இடத்தில் அமெரிக்காவின் லைம் நோயை நினைக்காமல் இருக்க முடியாது. நம் கரையில் இல்லாத நோய் அது. அங்குள்ள ஒருவகை உண்ணி கடித்து வருவது. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரிலும் அயல் ஊர்களிலும் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியது. சிறுவர் மூட்டுவாதம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பெயர் வைத்து அனுப்பினார்கள். ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு எப்படி வரும் என்று கேட்டவர்கள் வைத்தியர்கள் அல்ல, பொலி மரே போன்ற தாய்மார். யார் யாருக்கு, எந்த மாதத்தில், எந்த மூட்டில் என்று அவர்கள் எழுதி வைத்த பட்டியல்தான் யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்டியரை அந்த ஊருக்கு வரவழைத்தது. வில்லி பேர்க்டோர்ஃபர் கிருமியைக் கண்டுபிடித்து 1982இல் அறிவித்தது வரை அந்த நூல் நீள்கிறது. அதே நோயின் பின்கதை வேறொன்றையும் கற்பிக்கிறது. சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் சோர்வும் வலியும் நீடித்தவர்களுக்கு அன்ரிபயோட்டிக்கை நீட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். முறையான ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. ஆகவே நீண்ட நோய் என்றதும் நீண்ட மருந்து என்று பாய்வதும் சரியல்ல. அங்கே ஆதாரம் மருந்தைக் கைவிட்டது, இங்கே ஆதாரம் மருந்தின் பக்கம் நிற்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கவனித்தது வீடுதான்.

வீட்டின் கவனிப்பு இங்கே ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ருமற்றிக் காய்ச்சலை ‘இதுதான்’ என்று காட்டிக்கொடுக்கும் தனிப் பரிசோதனை கிடையாது. டக்கற் ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1944இல் வகுத்த அறிகுறிப் பட்டியலைத் திருத்தித் திருத்தி இன்றும் பாவிக்கிறார்கள். அதில் மிக விசித்திரமானது கோரியா. தொண்டை நோ வந்து மாதங்கள் கழிந்த பிறகு, எல்லாரும் அதை மறந்த பிறகு வரும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து வரியை விட்டு ஓடுகிறது. கையிலிருந்த கோப்பை நழுவுகிறது. முகம் தானாகக் கோணுகிறது. காரணமில்லாமல் அழுகை, சிரிப்பு. நித்திரையில் மட்டும் எல்லாம் அடங்கிவிடும். வகுப்பில் இது குழப்படியாகத் தெரியும், அடி கூட விழும். வீட்டில் இது கண்ணூறாகவோ பேய்க் குணமாகவோ தெரியும்; பார்வை பார்க்கிறவரிடமும், ஓதிப் பார்க்கிற மௌலவியிடமும், மடு மாதாவிடம் நேர்த்திக்கும் போகிறார்கள். போகட்டும். நம்பிக்கையோடு வைத்தியத்துக்குச் சண்டை தேவையில்லை. ஐந்தாம் ஆண்டு ஆசிரியர் இரண்டு மாதத்துக் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘இந்தப் பிள்ளையின் எழுத்து ஏன் இப்படி மாறியது’ என்று கேட்டாலே பாதி வைத்தியம் நடந்த மாதிரி.

ஊசியை ஊருக்குக் கொண்டுபோனால் ஆபத்து என்பது வைத்தியர்கள் பக்கத்திலிருந்து வரும் வலுவான மறுப்பு. பெனிசிலின் ஒவ்வாமையால் உயிர் போன சம்பவங்கள் உலகில் உண்டு. ஒரு சம்பவம் ஒரு மாவட்டத்தையே ஊசிக்குப் பயப்பட வைக்கப் போதும். கடும் ஒவ்வாமை மிக அரிது என்பதும், இந்த ஊசிக்குப் பின் நேர்ந்த மரணங்களில் சில ஒவ்வாமையால் அல்ல, ஏற்கெனவே பலவீனமான இதயம் ஊசியின் வலியையும் அதிர்ச்சியையும் தாங்காததால் நேர்ந்திருக்கலாம் என்பதும் 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிவுரையின் சாரம். அப்படிக் கடுமையான வால்வு நோயுள்ளவர்களுக்குக் குளிசை தருவதை யோசிக்கலாம் என்றது அது. எனவே எல்லாப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். கடும் பாதிப்புள்ளவர்கள் பெரிய வைத்தியசாலைக்கே வரட்டும். மற்றவர்களுக்கு? ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி., ஏழாம் ஆண்டுக்கு ஏற்பு, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி என்று சுகாதார வைத்திய அதிகாரியின் ஆட்கள் இன்றும் பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் போடுகிறார்கள், அட்ரீனலின் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதே ஏற்பாட்டை அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலும் கிராமத்துக் கிளினிக்கிலும் செய்ய முடியாது என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. நியூசிலாந்தில் இதே ஊசியைச் சமூகத் தாதியர் வீட்டுக்கும் பள்ளிக்கும் வேலைத்தலத்துக்கும் கொண்டுபோய்ப் போடுவது பல வருட வழக்கம்.

மன்னாருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கொழும்பில் இருந்து திட்டம் வரைகிறவர்களுக்கு அது தோன்றுவதில்லை. 1990 ஒக்ரோபரில் விரட்டப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் எருக்கலம்பிட்டி, முசலிப் பக்கத்துக் குடும்பங்கள் பல இன்றும் பாதிப் புத்தளம், பாதி மன்னார். வீடு அங்கே, காணி இங்கே. பிள்ளை ஒரு தவணை அங்கே படிக்கிறது. மீனவக் குடும்பங்களும் காற்றோடு இடம் மாறுகின்றன. கச்சான் காலத்துக்கு ஒரு கரை, வாடைக்கு இன்னொரு கரை, வாடியோடு குடும்பமும் போகும். இப்படியான வீட்டில் கிளினிக் கொப்பி ஓர் ஊரிலும் பிள்ளை இன்னோர் ஊரிலும் இருப்பது அதிசயமல்ல. புதிய இடத்தில் கொப்பி இல்லாமல் போனால் திரும்ப முதலிலிருந்து: துண்டு, வரிசை, கேள்விகள். இதை அலைச்சலில் வாழும் மக்களின் ஒழுங்கீனம் என்று எண்ணுவது எளிது. அவர்கள் அலைவது தாமாக விரும்பியா என்று ஒரு கணம் யோசித்தால் அந்த எண்ணம் நிற்காது. மாவட்ட எல்லையில் நின்றுவிடாத பதிவும், எந்த அரச வைத்தியசாலையிலும் காட்டி ஊசி பெறக்கூடிய சிறு அட்டையும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பெண்பிள்ளை என்றால் கதை இன்னும் கனக்கும். ‘நெஞ்சில வருத்தம்’ என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் பேச முடியாது. அதனால் கொப்பி அலுமாரிக்குள் போகிறது, வயதுக்கு வந்த பிறகு கிளினிக் போவது குறைகிறது, சில வேளை கலியாணத்துக்கு முன் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த நோயால் சுருங்கிய மைட்ரல் என்ற இதய வால்வு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்வது முதற் கர்ப்பத்தில், உடம்பில் இரத்தத்தின் அளவு கூடி இதயத்துக்குச் சுமை ஏறும்போது. இலங்கையில் பிள்ளைப்பேற்று மரணங்களுக்கு இதய நோய் பிரதான காரணங்களில் ஒன்றாக இருந்துவருகிறது. மறைத்த பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம்; ஆனால் அவர்கள் பிள்ளையின் வாழ்வைத்தான் நினைத்தார்கள், கணக்குத்தான் பிழைத்தது. ஊசி ஒழுங்காகப் போட்டு, வால்வு நல்ல நிலையில் இருக்கும் பெண் குடும்பம் நடத்தலாம், பிள்ளை பெறலாம் என்பதை ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கர்ப்பிணி வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகும் உரிமை ஏற்கெனவே உள்ளவர் அவர்தான்.

காசுக் கணக்குக்கும் வருவோம். 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. பத்து வருட ஊசியில் இருக்கும் பிள்ளை அந்த வகைகளில் எதிலும் விழாது, ஏனென்றால் அது ஓடியாடித் திரிகிறது. ஓடியாடித் திரிவதுதான் ஊசியின் வெற்றி. அந்த வெற்றியே உதவிக்குத் தடையாகிறது. பெரிய கொடுப்பனவு கேட்கவில்லை. கிளினிக் நாளுக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் பஸ் காசு, பள்ளிக்கூடத்தில் அன்றைய வரவில் ‘சுகவீனம்’ என்று குறையாக விழாத ஒரு குறிப்பு. ஆரம்பத்துக்கு இவை போதும்.

பிள்ளை சிறிதாக இருக்கும்வரை தாய் இழுத்துக்கொண்டாவது வருகிறாள். ஊசி அதிகம் தவறக்கூடியது அதற்குப் பிறகுதான், சிறுவர் கிளினிக்கை விட்டுப் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற்றப்படும் வயதில். 17 வயதுப் பையன், மூட்டு வலி வந்து ஏழு வருடமாகிவிட்டது, நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை, தகப்பனோடு வள்ளத்தில் போகத் தொடங்கிவிட்டான். இரவு வலை வைத்து விடியக் கரை வருகிறவனைக் காலை 8 மணிக்குக் கிளினிக் வரிசையில் எதிர்பார்ப்பவர்கள் வங்காலையிலோ பேசாலையிலோ மீன் இறங்கும் நேரத்தை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பான், பிறகு தூங்குவான். மாதத்தில் ஒரு நாள், பின்னேரம் 4 மணிக்கு, கரைக்குப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் ஒரு தாதியும் ஒரு வைத்தியரும் இருந்தால் அவனுக்கு வர நேரம் இருக்கும். கேட்பது அந்த இரண்டு மணித்தியாலத்தை.